அண்ணி செய்த பச்சைக் கோப்பை

இந்த அவைக்கும் இந்த ஆலைக்கும் ஒருசேரத் தலைமை தாங்கும் மேலாளர் அவர்களே, முன்னிலை வகிக்கும், முன்னிலை வகித்தவாறே சற்றுக் கண்ணயர்ந்திருக்கும் முன்னாள் விற்பனை மேலாளர் அவர்களே, மண்ணைக் குழைத்து மனிதர் கையில் கோப்பையாகக் கொடுக்கும் மாண்புமிக்க தொழிலாளத் தோழர்களே, சூளையின் சூட்டிலும் சோராத சகோதரர்களே, பூச்சுப் பூசும் சகோதரிகளே, பொட்டலம் கட்டும் தம்பிகளே, வயதில் மூத்த பெரியோர்களே, வாழ்வைத் தாங்கும் தாய்மார்களே, அந்தத் தாய்மார்களுள் தனித்து விளங்கி, முதல் வரிசையின் முதல் நாற்காலியில் அமர்ந்து, நான் வாயைத் திறக்குமுன்பே "சத்தமாப் பேசு" என்று கையசைக்கும் என்னைப் பெற்ற அம்மா அவர்களே, அவருக்குப் பக்கத்தில், விழாவின் நாயகியாக இருந்தும் விழா எப்போது முடியும் என்ற ஒரே கவலையோடு அமர்ந்திருக்கும் இந்தப் பீங்கான் ஆலையின் தலைமை வேதியியலர், இன்றோடு பணி ஓய்வு பெறும் என் அருமை அண்ணி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

இவள் யார், இந்த ஆலையில் நாம் பார்த்ததே இல்லையே என்று சிலர் பக்கத்தில் கேட்டுக்கொள்வது தெரிகிறது. பார்த்திருக்க மாட்டீர்கள். கேட்டிருப்பீர்கள். இரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவள் நான். "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று வருத்தமே இல்லாத குரலில் வாழ்நாள் முழுவதும் சொன்னவள். அந்தக் குரல் படிந்துவிட்டது. ஆகவே இன்று நான் சொல்லப்போகும் செய்தியில் எங்கே சிரிப்பது, எங்கே கண் கலங்குவது என்று என் குரலை வைத்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. நீங்களே பார்த்துச் செய்துகொள்ளுங்கள்.

விழா நாயகிக்கு நான் நாத்தனார். அவருடைய கணவரின் தங்கை. நாத்தனார் பேசப்போகிறாள் என்றதும் பின்வரிசையில் நாற்காலிகள் முன்னால் நகர்வதைக் கவனித்தேன். உங்களை ஏமாற்ற மாட்டேன். சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணி என் அம்மாவுக்கு நஞ்சு கொடுத்தார். அதைப் போற்றிப் பேசத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

மேலாளர் ஐயா, தண்ணீர்க் குவளையைக் கீழே வைக்க வேண்டாம். தைரியமாகக் குடியுங்கள். அண்ணி ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டார்.

வேதியியல் என்றால் என்ன? அணுவா, அமிலமா, ஆய்வகத்து அலமாரியா? எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த வேதியியல். அதன் முதல் விதி, ஒருமுறை கிடைத்த விடை விடையே ஆகாது. எதையும் இரண்டு தடவை பார்க்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் "சாப்பிட்டியா?" என்று கேட்பார். சாப்பிட்டேன் என்போம். கொஞ்ச நேரம் கழித்து, நாம் வேறு ஏதோ வேலையாக இருக்கும்போது, வேறு பக்கத்திலிருந்து வந்து அதையே கேட்பார். என் அண்ணன் ஒருமுறை ஞாபகமறதியாக மாற்றிச் சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று.

இரண்டாவது விதி, சந்தேகப்படும் பொருளைச் சோதிக்கும்போது, சந்தேகமே இல்லாத பொருள் ஒன்றையும் கூடவே வைத்துச் சோதிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க. காய்ச்சல் வந்த மகனுக்கு வெப்பமானி வைத்தால், காய்ச்சல் வராத மகளுக்கும் வைப்பார். அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, வேலைக்கும் போகிறாள். இன்றைக்கும் வெப்பமானியைக் கண்டால் தானாகவே வாயைத் திறக்கிறாள்.

மூன்றாவது, சோதிக்காத எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. தண்ணீரா, பார்ப்பார். எண்ணெயா, பார்ப்பார். பொம்மையின் மேல் பூசிய சாயமா, சுரண்டிப் பார்ப்பார். பால்காரர் எங்கள் வீட்டுக்கென்று தனிப் பாத்திரத்தில் பால் கொண்டுவரத் தொடங்கினார். தெருவில் மற்றவர்கள் அதற்காக எங்களோடு சண்டைக்கு வந்தார்கள். பிறகு சண்டையை விட்டுவிட்டு, அந்தப் பாத்திரத்திலிருந்தே தங்களுக்கும் ஊற்றச் சொல்லிவிட்டார்கள்.

அழைப்பிதழில் அண்ணியைக் குலவிளக்கு என்று அச்சடித்திருக்கிறீர்கள். நல்ல சொல். ஆனால் விளக்கு வைத்த இடத்தில் இருக்கும். அண்ணி ஓர் இடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. காலைச் சங்கு ஊதுவதற்குள் அடுப்படியை முடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஆலைக்கு ஓடி, பகலெல்லாம் பூச்சும் புகையுமாக நின்று, மாலையில் வந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, துணி மடித்து, அம்மாவுக்குக் கால் பிடித்து விடுவார். ஆய்வகத்தில் காட்டிய அக்கறையை அப்படியே வீட்டிலும், வீட்டில் காட்டிய அக்கறையை அப்படியே ஆய்வகத்திலும் காட்டிய பெண் அவர். இரண்டுக்கும் நடுவே இருந்த தெருவை மட்டும் ஓட்டமாகக் கடந்துவிடுவார்.

மாமியாரும் மருமகளும் எப்படி என்று மூன்றாவது வரிசையில் ஓர் அக்கா சைகையால் கேட்கிறார். சொல்கிறேன். சண்டை வந்ததே இல்லை. சண்டை வர இரண்டு பேரும் பேச வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா பேசுவார். அண்ணி அதைப் பொறுமையாகக் கேட்டு, அதிலிருந்து செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் வடிகட்டி எடுத்துச் செய்துவிடுவார். மிச்சத்தைக் கீழே ஊற்றிவிடுவார்.

"எல்லாம் தெரியும், மேல சொல்லு" என்கிறார் அம்மா. சொல்கிறேன் அம்மா.

எங்கள் வீட்டில் இருந்த பாத்திரம் பண்டமெல்லாம் இந்த ஆலையில் கழித்துக் கட்டிய வெள்ளைப் பீங்கான். அண்ணி இங்கே வேதியியலர், அண்ணன் இங்கே சூளை மேஸ்திரி, ஆகவே தட்டு வெள்ளை, கிண்ணம் வெள்ளை, கோப்பை வெள்ளை. ஒருநாள் அம்மா சொன்னார்: "எங்க பாத்தாலும் வெள்ளை. ஆஸ்பத்திரியில குடியிருக்கிற மாதிரி இருக்கு. பச்சையில ஒரு கப்பு செய்ய மாட்டீங்களா உங்க ஆலையில?"

என் அம்மா குறை சொல்வார், கண்டிப்பார், கணக்குக் கேட்பார். தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அதுவரை மருமகளிடம் கேட்டதில்லை. அண்ணி அதைப் பிடித்துக்கொண்டார்.

கோப்பைக்கு மேலே கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறதே, அந்தப் பூச்சில் செம்புத் தூளைக் கலந்து சூளையில் வைத்தால் பச்சை வரும். வரும் என்று புத்தகம் சொல்லும். சூளை புத்தகம் படித்ததில்லை. முதலில் வந்தது சேற்று நிறம். அடுத்தது கரி. ஒன்று கல்லீரல் நிறத்தில் வந்தது. ஒளிவு மறைவு தெரியாத அண்ணி அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யாரோட உடம்புல இருந்து எடுத்தது?" என்று கேட்டார். அண்ணி சோர்ந்துபோகவில்லை. உணவு இடைவேளையில் உண்ணாமல் கலந்தார், ஓய்வு நாளில் ஓயாமல் கலந்தார். என் அண்ணன் ஒவ்வொரு முறையும் சூளையின் மூலையில் அந்த ஒற்றைக் கோப்பைக்கு இடம் கொடுத்தார். என் அண்ணனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அவர் பேசும் மொழியில் ஒரே எழுத்துதான் உண்டு. "ம்."

கடைசியில் வந்தது ஐயா, வந்தது. பச்சை என்றால் அதுதான் பச்சை. மழை ஓய்ந்ததும் இலை எப்படி இருக்கும், அந்தப் பச்சை. அண்ணி அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பரவாயில்ல" என்றார். எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் பட்டம் கிடையாது. நான் முதல் வகுப்பில் தேறியபோது எனக்கே "சரி" தான் கிடைத்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் கோப்பையில்தான் அம்மாவுக்கு எலுமிச்சைச் சாறு. வெந்நீரில் பிழிந்து, தேன் விட்டு, சன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பற்றி ஒரு கருத்துச் சொல்லி, ஒரு வாய் குடித்து, அப்படியே காலை முழுவதும் குடிப்பார்.

இந்த இடத்தில் நம் முன்னாள் விற்பனை மேலாளர் வருகிறார். ஐயா, விழித்துக்கொள்ளுங்கள், உங்கள் கட்டம் வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் "இதுக்குக் கிராக்கி இருக்கு" என்பார். அதனால் ஆலை முழுவதும் அவருக்குக் கிராக்கி ஐயா என்று பெயர். ஏதோ வேலையாக எங்கள் வீட்டுக்கு வந்தவர் அம்மாவின் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். வந்த வேலையை மறந்தார். கொஞ்ச நாளில் கடைத்தெருவெங்கும் பச்சைக் கோப்பை. கல்யாணப் பரிசென்றால் பச்சைக் கோப்பை, விருந்தாளிக்கென்றால் பச்சைக் கோப்பை. கிராக்கி இருந்தது, ஐயா சொன்னது சரிதான்.

அவையோரே, இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். பாலைப் பார்த்தவர், பருப்பைப் பார்த்தவர், பொம்மையின் மூக்கைச் சுரண்டிப் பார்த்தவர், அந்தக் கோப்பையைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? மறதியா? மெத்தனமா? இரண்டும் இல்லை. அது அவரே செய்தது. அந்தப் பூச்சு அவரே பலமுறை சோதித்துச் சரி என்று சொன்ன பூச்சு. புதிதாகச் சேர்ந்தது நிறம் மட்டும்தான். பூச்சு தேறிவிட்டால் நிறத்துக்குத் தனியாகச் சோதனை வைக்கும் வழக்கம் அன்று நம் ஆலையில் கிடையாது. வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர், தன் கையால் ஆசையாகச் செய்ததை மட்டும் சந்தேகப்படவில்லை. நீங்களும் நானும் படுவோமா?

அம்மாவுக்கு உடம்பு கெட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். முகம் வெளுத்தது. வலது மணிக்கட்டு தளர்ந்தது, சீப்பு நழுவியது. ஒரு மருத்துவர் வாயு என்றார். அடுத்தவர் வயசு என்றார். மூன்றாமவர் நரம்பு என்று சொல்லி, வாயுவுக்கும் வயசுக்கும் சேர்த்தே மாத்திரை கொடுத்தார். எரிச்சலும் ஓர் அறிகுறி என்று பிறகு தெரியவந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் கவனிக்கவில்லை. அம்மாவிடம் அது முன்பிருந்தே இருந்தது.

தெரு மட்டும் கவனித்தது. எதிர்வீட்டு அம்மா ஒருவர் இருந்தார். அவருக்கு மருத்துவம் தெரியாது, வேதியியல் தெரியாது. ஆனால் மருமகள் மருந்துச் சாமான் கையாளுகிறவள், மாமியார் நாளுக்கு நாள் இளைக்கிறார், இது போதாதா? தெருக்குழாயில் குடம் நிறைவதற்குள் அந்தச் செய்தி நிறைந்துவிடும். நான் போய்ச் சண்டை போட்டேன். நாக்கு அழுகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கொஞ்ச நாளில் அம்மா எழுந்து உட்கார்ந்தார். பிறகு நடந்தார். பிறகு என் சமையலைக் குறை சொன்னார். தேறிவிட்டார் என்று கொண்டுபோய் அண்ணன் வீட்டில் விட்டேன். மறுபடியும் படுத்துவிட்டார். இனி தெரு சும்மா இருக்குமா? மகள் வீட்டில் எழுந்து நடக்கிறார், மருமகள் வீட்டில் படுத்துக்கொள்கிறார் என்று எதிர்வீட்டு அம்மா எங்கள் வாசலில் நின்றே சொன்னார்.

அந்தப் பேச்சு அண்ணியின் காதில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். அண்ணி சற்று யோசித்துவிட்டு, "அவங்க சொல்றது சரிதானே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அத்தை உன் வீட்ல நல்லா இருக்காங்க. எங்க வீட்ல நல்லா இல்ல. அப்ப எங்க வீட்லதான் ஏதோ இருக்கு" என்றார். ஊரே அவர் மேல் போட்ட பழியை, ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டார். அந்த நிதானம் எனக்கு அன்றைக்குக் கோபத்தைத்தான் தந்தது.

வீட்டைத் தலைகீழாக்கினார். தண்ணீர், உப்பு, மாவு, எண்ணெய், சுவர்ச் சுண்ணாம்பு, அம்மா தலைக்கு வைத்த தைலம், எல்லாம் ஆய்வகத்துக்குப் போய்ச் சுத்தம் என்று திரும்பி வந்தன. பிறகு என்னிடம் வந்தார். அம்மா என் வீட்டுக்கு வந்தபோது எதையெல்லாம் கொண்டுவரவில்லை என்று கேட்டார். நான் யோசித்துச் சொன்னேன், எல்லாம் கொண்டுவந்தார், பச்சைக் கோப்பையைத் தவிர, என் வீட்டில் உடைத்துவிடுவோமாம். அண்ணி தலையசைத்துவிட்டுப் போனார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, வேறு விதமாக, அதையே கேட்டார். நான் அதையே சொன்னேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். என் விடை ஒத்துப்போகாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அந்த முகம் என்னைக் கெஞ்சியது.

மூன்று பாத்திரங்கள் எடுத்தார். ஒரு கண்ணாடிக் குவளை, ஒரு வெள்ளைக் கோப்பை, அம்மாவின் பச்சைக் கோப்பை. மூன்றிலும் வினிகரை ஊற்றி ஒரு நாள் முழுக்க வைத்துச் சோதித்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை. வெள்ளையில் ஒன்றுமில்லை. பச்சையில் காரீயம். பளபளப்புக்காகப் பூச்சில் காரீயம் சேர்ப்பது உங்களுக்குத் தெரியும். சூளையில் கண்ணாடியாக இறுகிவிட்டால் அது வெளியே வராது. ஆனால் செம்பு கூடச் சேர்ந்ததும் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. புளிப்பு பட்டால் கசிந்தது. தினமும் காலையில் எலுமிச்சை. காலை முழுவதும் எலுமிச்சை.

இரண்டாவது முறையும் செய்தார். ஒத்துப்போயிற்று. மூன்றாவது முறை விதியில் இல்லை. ஆனாலும் செய்தார். அதுவும் ஒத்துப்போயிற்று. வாழ்நாளெல்லாம் விடைகள் ஒத்துப்போக வேண்டும் என்று வேண்டிய பெண், ஒத்துப்போன விடையின் முன்னால் உட்கார்ந்து அழுதார். எதிர்வீட்டு அம்மா சொன்னது, வேதியியல் முறைப்படி, உண்மையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னார். ஆலையில் இதைச் சொன்னால் தன் வேலையோடு அவர் வேலையும் போகலாம், பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள், வெளியே தெரிந்தால் கொலைகாரி என்றுதான் தெரு கூப்பிடும், இதையும் சொன்னார். அண்ணன் "ம்" என்றார். அதன் பிறகு, நான் அறிந்தவரை அவர் வாழ்க்கையின் மிக நீண்ட சொற்பொழிவை ஆற்றினார். "எத்தனை வீட்ல அந்தக் கப்பு இருக்கோ தெரியல. நீ ஏன் இன்னும் இங்க நின்னுக்கிட்டு இருக்க?"

ஆனால் அண்ணி முதலில் ஆலைக்குப் போகவில்லை. அம்மாவின் கட்டிலுக்குப் போனார். நானும் அங்கே இருந்தேன். "அத்தை, உங்க உடம்பைக் கெடுத்தது நான் செஞ்சு குடுத்த கப்புதான். தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நான்தான்" என்றார். நல்ல வைத்தியம் இருக்கிறது, உடம்பில் சேர்ந்த காரீயத்தை வெளியேற்ற மருந்து இருக்கிறது, என்றும் சொன்னார்.

மருமகள்மேல் குற்றம் கண்டுபிடிக்கக் காலமெல்லாம் காத்திருந்த என் அம்மாவுக்கு ஒரு பெரிய குற்றமே கையில் கிடைத்தது. அவர் அதைத் தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மருந்து கொடுத்தால் வாங்கிக்கொண்டார், அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை, பேசவில்லை. பேசியே பழகிய அம்மா பேசாமல் இருந்த அந்த நாட்களைப் போல் அண்ணியைத் தண்டித்தது வேறு எதுவுமில்லை. வேலை போனால் போகட்டும், அத்தை ஒரு வார்த்தை திட்டினால் போதும் என்று என்னிடம் சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

இருந்தும் ஆலைக்குப் போனார். அன்றைய முதலாளி இன்று நம்மிடையே இல்லை. நல்ல மனிதர். கேட்டார், நாற்காலி கொடுத்தார். பிறகு, "உங்க குடும்பத்தை நினைச்சுப் பாத்தீங்களாம்மா?" என்றார்.

அன்பர்களே, ஆன்றோர்களே, இந்தக் கேள்வியால் எத்தனை உண்மைகள் ஊமையாகிப் போயின? எத்தனை நியாயங்கள் நடுவீதியில் நின்றுபோயின? குடும்பம் என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டி எத்தனை பேரை வாய் மூட வைத்தோம்? அண்ணி வாயை மூடவில்லை. "நினைச்சுப் பாத்துட்டுத்தான் சார் வந்தேன். ஒவ்வொரு கப்பும் ஒரு வீட்ல இருக்கு. அந்த வீட்லயும் ஒரு அத்தை இருப்பாங்க" என்றார்.

கை தட்டுங்கள், காத்திருக்கிறேன்.

முதலாளி பாதி வழிக்கு வந்தார். கோப்பைகளைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், பதிலுக்கு வெள்ளைக் கோப்பை தரலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டாம், புது மாடல் வருகிறது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அண்ணி ஒப்பவில்லை. காரணம் சொல்லாவிட்டால் பாதிப் பேர் இருக்கிற கோப்பையை இன்னும் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள் என்றார். சொன்னால் நீங்கள் ஆய்வகத்தில் இருக்க முடியாது என்றார் முதலாளி. அதற்கும் சரி என்று அண்ணி எழுந்து வந்துவிட்டார்.

வேலை போயிற்றா என்கிறார் பின்வரிசைத் தம்பி. போகவில்லை தம்பி. கிடங்கில் பெட்டிகளுக்கு வைக்கோல் திணிக்க அனுப்பினார்கள். திணித்தார். பெட்டிக்குள் பீங்கான் அசைகிறதா என்று ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். பின்னாளில் தூர ஊர்க் கடைக்காரர்கள், அந்த அம்மா சோதித்த சரக்குதான் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதும் முதலாளிக்கு மனசாட்சி வந்தது. ஆர்டரோடு சேர்ந்து வந்தது. அண்ணி ஆய்வகத்துக்குத் திரும்பினார். இன்றைக்கு இந்த ஆலையிலிருந்து எந்த நிறமும் தனியாகத் தேறாமல் வெளியே போவதில்லை. இதை மற்றவர்கள் விரிவாகப் பேசினார்கள். நான் பேச வந்தது இதையல்ல. கடை வாசலில் நடந்ததை.

கடைத்தெருவின் பீங்கான் கடை வாசலில் ஒரு மேசை போட்டோம். மேசைமேல், மாற்றிக் கொடுக்க ஆலை தந்த வெள்ளைக் கோப்பைகள். பின்னால் அண்ணி. பக்கத்தில் கை ஒலிபெருக்கியோடு நான். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு, பச்சைக் கோப்பைகளில் காரீயம் கசிவதால் அவற்றை உடனே திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று என் குரலில் அறிவித்தேன். கேட்டவர்கள் எல்லோரும் ஏதோ வண்டி தாமதம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நின்று கேட்டவர்களும் நம்பவில்லை. நஞ்சு என்றால் நாங்கள் செத்திருக்க வேண்டாமா என்றார் ஒருவர். இவ்வளவு அழகான கோப்பையை வாங்கிக்கொண்டு இந்தச் சோகையான வெள்ளையைத் தருவதில் ஏதோ சூது இருக்கிறது என்றார் இன்னொருவர். வெயில் ஏறியது. மேசையின் மேல் ஒரு பச்சைக் கோப்பைகூட வந்து சேரவில்லை.

அப்போது எதிர்வீட்டு அம்மா வந்தார். கையில் அவர் வீட்டுப் பச்சைக் கோப்பை. கொடுப்பதற்குக் கொண்டுவரவில்லை, கேட்பதற்குக் கொண்டுவந்திருந்தார். கூட்டம் கூடியது. எனக்கு ஒலிபெருக்கி கனத்தது. அண்ணி தலையைக் குனியவில்லை.

கூட்டத்தின் பின்னால் ஒரு சலசலப்பு. அண்ணன் வந்துகொண்டிருந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, எலும்பும் தோலுமாக, அம்மா. கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கடைக்காரர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்கார்ந்தார். எதிர்வீட்டு அம்மா அண்ணியை விட்டுவிட்டு அம்மாவிடமே கேட்டார், ஊர் கேட்க.

"இதைச் செஞ்சது உங்க மருமகதானே?"

அம்மா வலது கையை எல்லோரும் பார்க்க உயர்த்தினார். மணிக்கட்டிலிருந்து கை துவண்டு தொங்கியது.

"ஆமா. எனக்குன்னு ஆசையா செஞ்சா. தப்பாப் போச்சு. தப்புன்னு கண்டுபிடிச்சதும் அவதான். முதல்ல என்கிட்ட வந்து சொன்னதும் அவதான். உன் வீட்ல யாராவது செஞ்ச தப்பை உன்கிட்ட வந்து சொல்லியிருக்காங்களா? கப்பை வை."

எதிர்வீட்டு அம்மா கோப்பையை மேசைமேல் வைத்தார். கூட்டத்தில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். கலைந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்து கோப்பைகளோடு திரும்பி வந்தார்கள். முந்தானையில் சுற்றி, கூடையில் அடுக்கி, வரிசையில் நின்றார்கள். செய்தி தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். பச்சை மலையாகக் குவிந்தது.

அம்மா அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் பார்த்தார். "காலையிலேர்ந்து நின்னுக்கிட்டேவா இருக்க? உக்காரு" என்றார்.

அங்கே இருந்தது ஒரே நாற்காலி. அம்மா எழுந்துகொண்டார்.

அண்ணி மறுத்தார், கெஞ்சினார். அம்மா அவர் தோளைத் தன் இடது கையால் அழுத்தி உட்கார வைத்தார். பிறகு அண்ணன்மேல் சாய்ந்து நின்றபடி, வந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக அந்த இடது கையாலேயே வாங்கி மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, ஊர் பார்க்க அழுதார். நான் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டேன், ஏனென்றால் என் குரல் அன்று ஒருநாள் மட்டும் எனக்குக் கட்டுப்படவில்லை.

இதைச் சொல்லத்தான் வந்தேன், சொல்லிவிட்டேன். பேச இடம் கொடுத்த தலைவருக்கும், தூங்காமல் கேட்ட உங்களுக்கும், தூங்கினாலும் நடுவில் விழித்துக்கொண்ட கிராக்கி ஐயாவுக்கும், இத்தனை நேரம் குறுக்கே அதிகம் பேசாத அம்மாவுக்கும் நன்றி. அண்ணி, நம் வீட்டுக்கு நீங்கள் வந்ததற்கு என் வணக்கம்.